உல்லத்திற்கும் ஒரு கதவு

உல்ல மீனை வலையிலிருந்து எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விரல் பட்ட இடத்திலெல்லாம் வெள்ளித் தகடு போன்ற செதில் உதிர்ந்து கையோடு ஒட்டிக்கொள்ளும், நீரை விட்டுப் பிரிந்த சில நிமிஷங்களிலேயே ஜீவனும் போய்விடும். இத்தனை மெல்லிய தேகம் படைத்த இந்தப் பிராணிதான், வங்காள விரிகுடாவின் உப்பு நீரிலே வளர்ந்து, கருக்கொண்ட காலத்தில் கங்கையின் பிரவாகத்தை எதிர்த்து ஏறிப் பிரயாகை வரையிலும், அதற்கும் முற்காலத்தில் யமுனை வழியே ஆக்ரா, தில்லி வரையிலுங்கூடச் சென்று, தன் சந்ததியை நன்னீரிலே விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வங்காளத்தார் இலிஷ் என்று கொண்டாடுவதும், காவிரியிலும் கொள்ளிடத்திலும் நம் முன்னோர் பிடித்து உண்டதும் இதே மீன்தான்.

அந்த யாத்திரை 1975-இல் தடைப்பட்டது. ஹூக்ளி நதியில் வண்டல் படிந்து கல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துபோகாமல் காக்கும் பொருட்டு, கங்கையிலிருந்து வினாடிக்கு 40,000 கன அடி நீரைக் கால்வாய் வழியே ஹூக்ளியின் மேற்பகுதியான பாகீரதிக்குத் திருப்புவதென்று தீர்மானித்து, முர்ஷிதாபாத் ஜில்லாவில் ஃபரக்கா என்னுமிடத்தில் 109 மதகுகளோடு, இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்தில் தடுப்பணையை எழுப்பினார்கள். நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அணைக்கு மேலே பாட்னாவிலும் பக்ஸரிலும் பிரயாகையிலும் உல்லத்தை நம்பி வலை வீசியவர்களின் ஜீவனம் அதோடு போயிற்று. கண்ணி சிறுத்த வலைகளும், நதியில் கலக்கும் கழிவும் இதில் பங்கு கொண்டவையே. எனினும், ஏறும் வழியை அடைத்துவிட்ட பிறகு மற்றக் காரணங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமாகாது.

மீனுக்கு வழி வைப்பதென்றால் உடனே படிக்கட்டை நினைக்கிறார்கள். துள்ளித் தாவும் சால்மன் மீனுக்காக மேனாட்டார் வகுத்த முறை அது. உல்லமோ தாவும் ஜாதியன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் நதியின் குறுக்கே ஹோலியோக் நகரத்திலுள்ள பழைய அணையில், உல்லத்துக்கு உறவான ஷாட் மீன் நெடுங்காலம் மேலேற வகையற்றுக் கிடந்தது. மீன்களை நீரோடு ஒரு தொட்டியில் சேர்த்து மேலே தூக்கிவிடும் லிஃப்ட் ஒன்றை 1955-இல் அங்கே அமைத்தார்கள். அணையை இடிக்கவுமில்லை, மின்சார உற்பத்தியை நிறுத்தவுமில்லை. 1992-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட் மீன்கள் அந்த வழியே ஏறிச் சென்றன. மீனின் சுபாவத்தை அறிந்து செய்த காரியமாதலால் அது பலித்தது.

ஃபரக்காவுக்கும் அத்தகைய யோசனை ஒன்று பிறந்தது. கங்கையில் கப்பல் போக்குவரத்தைப் பெருக்குவதற்காக அங்கே புதிய கப்பல் மதகு கட்டும் திட்டத்தோடு மீன்வழியையும் இணைத்து, இரவு 1 மணி முதல் 5 மணி வரையில் அதன் கதவைத் திறந்து வைத்தால் உல்லம் கடந்து செல்லும் என்று 2019-இல் அறிவித்தார்கள். கீழ்க்கதவைத் திறந்து மீனை உள்ளே விட்டு, அதை மூடி, நீர்மட்டத்தை உயர்த்தி, மேற்கதவைத் திறந்துவிடுவது உல்லத்தின் மேனியில் கை படாமல் நடக்கக்கூடிய காரியம். 214 அடி உயரமுள்ள மேட்டூர் அணையில் இப்படி வழி விடுவது பகீரதப் பிரயத்தனம். தாழ்ந்த தடுப்பணையான ஃபரக்காவில் அவ்வளவு கஷ்டமில்லை. ஆகவே இந்த யோசனையை மனமார வரவேற்கிறேன்.

வரவேற்றுக்கொண்டே ஒன்றை வற்புறுத்தவும் வேண்டும். உல்லம் நீரோட்டத்தை முகர்ந்து அதை எதிர்த்து வருவது. அசைவற்று நிற்கும் தொட்டி நீர் அதை அழைக்காது. ஆதலால் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் மேலிருந்து போதிய நீரைப் பாயவிட்டு, மதகின் வாயிலில் அது தேடி வரும் ஓட்டத்தை உண்டாக்க வேண்டும். மழைக்காலத்தில் மீன் கூட்டமாக ஏறும் வாரங்களில் நான்கு மணி நேரம் போதாதெனில், சரக்குப் படகுகளைக் காத்திருக்கச் சொல்லத் துணிவும் வேண்டும். முட்டையிட்டு இறங்கும் தாய் மீனும், விரல் நீளத்துக் குஞ்சும் கடலுக்குத் திரும்புவதற்கு உரிய பருவத்திலே ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஏற்றத்தை மட்டும் எண்ணி இறக்கத்தை மறந்தால் செய்த செலவு முழுதும் விரயம்.

இவையாவும் கதவை இயக்கும் இஞ்ஜினீயரின் சௌகரியத்துக்கு விடத்தக்கவை அல்ல. பராக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மீன்களுக்கு அடையாளச் சீட்டுக் கட்டி அணைக்கு மேலே விட்டு அவற்றின் போக்கை ஆராய்ந்து வருகிறார்கள். கதவு எந்த இரவில் எவ்வளவு நேரம் திறப்பதென்று தீர்மானிக்கும் அதிகாரத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். எத்தனை மீன் ஏறின, எத்தனை இறங்கின என்ற கணக்கை மாதந்தோறும் பிரயாகையின் செம்படவனும் படித்தறியும்படி பிரசுரிக்க வேண்டும். வரும் மழைக்காலத்திலேயே அதைத் தொடங்கிவிடலாம்.