பிரசவப் பையும் தாயி கார்டும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் துமகூரில் நடந்த சம்பவத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்குப் போய், சிறு மகளுடன் வாடகை வீட்டில் இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு இரவில் இடுப்பு வலி கண்டது. அக்கம்பக்கத்தார் கையில் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். தாயி கார்டு இல்லை, ஆதார் அட்டை இல்லை என்று அங்கே சேர்த்துக்கொள்ள மறுத்ததாகவும், பெங்களூருக்குப் போகச் சொன்னதாகவும் புகார். பெங்களூர் போகப் பணம் ஏது? அந்தப் பெண் வீட்டுக்கே திரும்பினார். வீட்டிலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். தாயும் பிழைக்கவில்லை; குழந்தைகள் இரண்டும் பிழைக்கவில்லை. பணியிலிருந்த டாக்டரும் நர்சுகளும் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். அவசர நேரத்தில் கார்டு கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசும் பிறகு சொல்லியது.

ஊர் துமகூர் என்பதால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கோலார் தங்கவயலில் பிள்ளைப்பேறு என்பது இப்போது பிரயாணம் ஆகிவிட்டது. சுரங்கம் நடந்த காலத்தில் அப்படி இல்லை. லைன் வீடுகளில் இருந்த பெண்ணுக்கு வலி கண்டால் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. வீட்டுக்காரரின் வேலை நம்பரைச் சொன்னால் போதும். ஒரு செம்பும் இரண்டு பழஞ்சேலையும் எடுத்துக்கொண்டு மாமியார் கூடவே நடந்து போவார். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது சம்பளம் நின்றதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். பிரசவத்துக்கு இருந்த அந்த ஆதரவும் கூடவே போனதை அன்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

இன்று ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. சிக்கல் என்றால் முப்பது கிலோமீட்டர் தாண்டிக் கோலாருக்கு அனுப்புவார்கள். அங்கும் முடியாதென்றால் நூறு கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூர் வாணி விலாஸ். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் குடியாத்தம், ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விடுகிறார்கள். ஆக, எந்த ஊரில், எந்த டாக்டர் கையில் பிள்ளை பிறக்கும் என்பது கடைசி மணிநேரம் வரை தெரியாது. அந்த டாக்டருக்கு இந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரத்தம் எந்தப் பிரிவு, எவ்வளவு சோகை, ஸ்கேனில் என்ன சொன்னார்கள், முதல் பிரசவம் அறுவைச் சிகிச்சையா என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லக்கூடியது ஒரே ஒரு பொருள்தான். அதுதான் தாயி கார்டு.

நம் வீடுகளில் பிரசவத்துக்குப் பை கட்டும்போது கடைசியாக நினைவுக்கு வருவது இந்தக் கார்டு. பிளாஸ்க், வாளி, மக்கு, போர்வை, பாய் எல்லாம் வயர் கூடையில் ஏறிவிடும். கார்டு மட்டும் சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசி டின்னுக்கு மேலேயோ இருக்கும். ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆள் வந்திருப்பார், அட்டை வீட்டில் இருக்கும். டிக்கெட் விஷயத்தில் அடுத்த வண்டிக்குப் போகலாம். பிரசவத்துக்கு அடுத்த வண்டி கிடையாது.

இன்னொரு வழக்கமும் தடையாக நிற்கிறது. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே பொருள் சேர்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் வளைகாப்பு தடபுடலாக நடக்கும். பை மட்டும் தயாராகாது. பெரியவர்களோடு சண்டை போடத் தேவையில்லை. பிள்ளைக்கு முதல் துணி பழந்துணி என்பதும் அவர்கள் சொன்ன வழக்கம்தானே? நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டியைக் கிழித்துப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக மடித்து வைத்தால் அது புதுப் பொருள் வாங்கிய கணக்கில் வராது. புதுத் துணியை விட அது மெத்தென்றும் இருக்கும். தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டதையே இரவல் வாங்கலாம். நம் ஊர் மார்கழிக் குளிரில் குல்லாய் அலங்காரப் பொருள் அல்ல. பச்சைக் குழந்தையின் உடல் சூடு தலை வழியாகத்தான் வேகமாகப் போகிறது.

தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, பாவாடை, உள்ளாடை, பெரிய அளவு நாப்கின், துண்டு, சோப்பு, சீப்பு, செருப்பு போதும். சுகப்பிரசவம் என்றால் இரண்டு நாள் இருப்பு. அறுவை என்றால் ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்கு மேல் தேவையானதை யாராவது கொண்டு வருவார்கள். துணைக்கு இருக்கும் அம்மாவுக்குப் பாயும் போர்வையும் வேண்டும், அவருடைய பிரஷர் மாத்திரையும் வேண்டும். மகளைப் பார்க்க வந்த தாய் மயங்கி விழுவதை வார்டுகளில் பார்க்கலாம். செல்போன் சார்ஜரையும் மறக்கக் கூடாது. நகைகளைக் கழற்றி வீட்டிலேயே பத்திரப்படுத்த வேண்டும். அறுவை அறைக்குள் தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்வார்கள். அங்கே அழுது கொண்டிருப்பதற்குப் பதில் முதலிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. தங்கம் தோண்டிய ஊர்க்காரர்கள் நாம். கயிற்றில் பெருமை குறைந்துவிடாது.

பையில் வைக்கக் கூடாததும் உண்டு. பால் புட்டி, பால் பவுடர் டின், சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனைக்கென்று கட்டிக் கொடுக்கும் பொட்டலம் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. புட்டிப் பால் விளம்பரத்தையே தடை செய்து 1992-இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. டின்னைக் கையோடு கொண்டு போனால், பிள்ளை முதல் முறை அழுததும் பாட்டியின் கை அதைத்தான் தேடும்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். தாயி கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ் புத்தகம், ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் மேல்பக்கம் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். செல்போனிலும் படம் பிடித்துக் கணவனுக்கும் அண்ணனுக்கும் அனுப்பி வைத்தால், கார்டு வீட்டில் தங்கிவிட்டாலும் விவரம் கூடவே வரும். கார்டு கன்னடத்தில் இருக்கிறது என்று நம்மவர்கள் அதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. எழுதிக் கொடுக்கும் ஆஷா ஊழியரிடமே ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் கூச்சம் என்ன? பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் எழுதும் பெயர்தான் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்குப் போகிறது. 2023 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி, அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிற்காலத்தில் லைசென்ஸ் எடுக்கவும் அந்தச் சான்றிதழே ஆதாரம். இன்ஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருந்தால் படும் பாட்டை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய்வீடு போகிறவர்கள் கார்டோடு போய், அந்த ஊர் சுகாதார செவிலியரிடம் முதல் வாரத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும்.

கார்டு இல்லாவிட்டால் என்ன? இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கார்டு இல்லை என்பது பிரசவ வலியோடு வந்தவளைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது. உயிர் காக்கும் சிகிச்சை தருவது டாக்டரின் முதல் கடமை, சம்பிரதாயங்கள் எல்லாம் பிறகுதான் என்று 1989-இலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. மத்திய அரசு 2011-இல் கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். அறுவையும் மருந்தும் இரத்தமும் சாப்பாடும் இலவசம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கும், பிறகு வீட்டுக்கும் வண்டி இலவசம். "பெங்களூருக்குப் போ" என்று சொல்லும் மருத்துவமனை வண்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்பதுதான் இதன் பொருள். துமகூரில் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குக் கர்நாடகத்தில் 69 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தென் மாநிலங்களில் கர்நாடகமே அதிகம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. சோகை உள்ளவளுக்கு இரத்தப்போக்கு கண்டால் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே இரத்தம் கொடுக்க முன்வரும் இருவரின் பெயரும் போன் நம்பரும் அந்த உறைக்குள்ளேயே ஒரு சீட்டில் இருக்க வேண்டும். இரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ பையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உறையை மட்டும் எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது பெரிதல்ல. தங்கவயல், கோலார் மருத்துவமனைகளில் பிரசவப் பிரிவு வாசலில் "கார்டு இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளப்படும், வண்டி இலவசம்" என்று கன்னடத்தோடு தமிழிலும் ஒரு போர்டு வைக்கட்டும். தெலுங்கிலும் வைக்கட்டும், எல்லை அருகில்தானே இருக்கிறது. நம் சங்கங்களும் மன்றங்களும் விழாவில் எவர்சில்வர் தட்டு கொடுப்பதை ஓர் ஆண்டு நிறுத்திவிட்டு, ஏழாம் மாதக் கர்ப்பிணிகளுக்கு அந்த உறையையும் பையையும் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2015-இல் 16 பொருள்கள் கொண்ட குழந்தைப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே 2007-இல் கர்நாடக அரசு மடிலு என்று ஒரு பெட்டகம் கொடுத்தது. இரண்டும் பிள்ளை பிறந்த பிறகு கைக்கு வந்தவை. நமக்குத் தேவை பிறப்பதற்கு முன் கைக்கு வரும் பை.

கடைசியாகக் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை வண்டியில் பெங்களூருக்கு ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள், திரும்புவது இரவில். வலி உங்கள் வண்டி நேரம் பார்த்து வராது. எட்டாம் மாதம் பிறந்ததும் பையைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது, அதில் உறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.