கத்துவதற்கு முன் காலைப் பாருங்கள்!

குட்டீஸ்... கூடைப்பந்து மைதானத்தில் அதிகம் கேட்கும் சத்தம் எது தெரியுமா? 'டிராவல்... டிராவல்...' என்ற கூச்சல்தான்!

எதிரணிக்காரர் வேகமாக ஓடி வந்து பந்தைக் கூடையில் போட்டு விட்டால் போதும். உடனே கத்தி விடுகிறோம். கத்துபவர்களில் பலருக்கு, அந்த விதி முழுதாகத் தெரியாது. பாவம், ஒழுங்காக ஆடியவரின் புள்ளி பறிபோகிறது. இது நியாயமா?

இந்த விதி ஏன் வந்தது?

கடந்த 1891ல், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கினார். 'பந்தைக் கையில் வைத்தபடி ஓடுவதால்தான், மற்றவர்கள் பாய்ந்து பிடித்துத் தள்ளுகின்றனர். ஓட்டம் இல்லை என்றால் முரட்டுத்தனமும் இருக்காது' என்பது அவர் எண்ணம். அவர் எழுதிய 13 விதிகளில், பந்துடன் ஓடக் கூடாது என்பதும் ஒன்று. ஆக, யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. அதை வைத்தே நாம் சண்டை போடலாமா?

சரி, கணக்கைப் பார்ப்போம்.

நின்றபடி பந்தைப் பிடிக்கிறீர்கள். ஒரு காலைத் தூக்கியதும், தரையில் இருக்கும் மற்றொரு கால், 'பிவட்' கால் ஆகிவிடும். அது ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அங்கேயே சுழலலாம். இன்னொரு காலை எந்தப் பக்கமும், எத்தனை முறையும் எடுத்து வைக்கலாம். அது டிராவல் அல்ல! டிரிபிள் தொடங்கும்போது மட்டும், பந்து கையை விட்ட பிறகே பிவட் கால் எழ வேண்டும். பாஸ் செய்யவோ, கூடையில் போடவோ பிவட் காலைத் தூக்கலாம். ஆனால், அது மீண்டும் தரையைத் தொடும் முன், பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

ஓடியபடி பந்தைப் பிடித்தால் இரண்டு அடி வைக்கலாம். பந்து கைக்குள் அடங்கும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதன்பின் ஊன்றுவதே முதல் அடி. 2017ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம் இப்படித்தான் விதியைத் திருத்தியது. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று அடி போலத் தெரியும். நம் கூச்சலில் பாதி இதனால்தான்!

'நண்பர்களுக்குள் ஆடும்போது விதி எதற்கு?' என்று சிலர் கேட்பர். தடுத்து ஆடுபவரை நினைத்துப் பாருங்கள். கைகளை உயர்த்தி, மூச்சு வாங்க ஓடி வழியை மறிக்கிறார். பந்து வைத்திருப்பவர் நாலைந்து அடி நடந்து போனால், அவர் உழைப்புக்கு என்ன மதிப்பு?

நடுவர் இல்லாத ஆட்டத்தில், உங்கள் கால் தவறியது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். யாரும் கத்தும் முன், பந்தை எதிரணியிடம் கொடுத்து விடுங்கள். அடுத்தவர் காலில் சந்தேகம் வந்தால், எண்ணிப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

இன்று மாலையே தரையில் சாக்பீசால் சின்ன வட்டம் போட்டு, அதில் ஒரு காலை ஊன்றி, பத்து முறை சுழன்று பழகுங்கள். கால் பழகி விட்டால், ஆட்டம் தானாக அழகாகி விடும்!