திறந்து பார்க்க முடியாதது நமது உடைமையா?

இலண்டன் புறநகர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவரிடம் எம்.ஜி.பி. ரக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்டது. அண்மையில் கியரைப் போட்டுக் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டியின் அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் எழத் தொடங்கியது. அருகிலிருந்த திருத்தகம் ஒன்றில் விசாரித்தபோது, தண்டு முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி, அவரைத் திகைக்க வைக்கும் தொகை ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். வீடு திரும்பிய நண்பர், சனிக்கிழமை காலையில் வண்டியின் அடியில் படுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் தண்டு வெளியே வந்துவிட்டது. தொலைபேசியில் அவர் சொன்ன வார்த்தைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது: "கழற்றுறதுக்கெண்டே பூட்டி வைச்சிருக்கிறாங்கள், அண்ணை."

அவர் கழற்றியது 'புரொப்பெல்லர் சாப்ட்' எனப்படும் செலுத்துதண்டு. எஞ்சின் முன்னாலும் ஓடும் சில்லுகள் பின்னாலும் இருக்கும் வண்டியில், கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது இந்த உருக்குக் குழாயே. பள்ளம் திட்டிகளில் பின் அச்சு மேலும் கீழும் அசைவதால் தண்டு வளைந்து கொடுக்கவேண்டும். அதற்காக இரு முனைகளிலும் சிலுவை வடிவ இணைப்புகள் இருக்கும். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் இணைப்பு என்றும், நம்மவர் வழக்கில் 'யூனிவர்சல் ஜொயின்ட்' என்றும் அறியப்படுவது அதுவே.

இந்த இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாகச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை மறுமுனையின் வேகம் சற்றே கூடிக் குறையும். முன் இணைப்பு செய்யும் இந்தக் குளறுபடியைப் பின் இணைப்பு நேர் செய்துவிடும். ஆனால் இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால் மட்டுமே அது நிகழும். தண்டின் சறுக்கி நகரும் பகுதியைப் பிரித்துவிட்டு இடம் மாறிப் பூட்டினால் வண்டி முழுவதும் அதிரும். எனவே கழற்றுமுன் பொருந்தும் பாகங்கள் அனைத்திலும் வண்ணத்தாலோ அரத்தாலோ அடையாளமிடவேண்டும். எம்.ஜி.பி.யில் முன் முனையில் நான்கு போல்ட்கள், பின் முனையில் நான்கு போல்ட்கள். மொத்தம் எட்டு. அவற்றைக் கழற்றினால் தண்டு கைக்கு வந்துவிடும்.

எட்டுப் போல்ட்கள்தானே என்று எண்ணி அவசரப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த வேலையில் உயிராபத்து தண்டில் இல்லை, ஜக்கில்தான் இருக்கிறது. ஜக் தூக்குவதற்கு மட்டுமே உரிய கருவி. தாங்குவதற்கு உரியது அன்று. மட்டமான சீமெந்துத் தரையில், முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பகுதியை உயர்த்தி, இரண்டு உறுதியான தாங்கிகளில் இறக்கி, கையால் உலுக்கிப் பார்த்த பின்னரே அடியில் புகவேண்டும். பின் சில்லுகள் அந்தரத்தில் நிற்கும்போது கை பிரேக் வண்டியை நிறுத்தாது என்பதை மறக்கலாகாது. செங்கல்லை அடுக்கி வைத்துக்கொண்டு அடியில் படுப்பது துணிவு அன்று, மடமை. நண்பரிடம் நான் முதலில் கேட்டதும் இதைப் பற்றித்தான்.

கழற்றிய தண்டைச் சோதித்தபோது, பின் இணைப்பின் ஊசி உருளைகள் கிறீஸ் வற்றிச் செந்நிறத் துருத்தூளாகிக் கிடந்தன. தண்டில் எந்தக் குறையும் இல்லை. இணைப்பை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தவை நான்கு சிறு வளையக் கிளிப்புகள். அவற்றைக் குறட்டால் நீக்கி, மேசை இடுக்கியில் அழுத்தி, பழைய இணைப்பை வெளியேற்றிப் புதியதைப் பொருத்தினார். முழுத் தண்டின் விலையில் மிகச் சிறு பங்கே செலவாயிற்று.

நான் சொல்ல விரும்பும் விடயம் அந்த நான்கு கிளிப்புகளில்தான் இருக்கிறது. இன்று வெளிவரும் பல வாகனங்களின் தண்டுகளில் இக்கிளிப்புகள் இல்லை. இணைப்பு உள்ளே வைத்து உலோகத்தோடு நசுக்கி அடைக்கப்படுகிறது. தேய்ந்தால் முழுத் தண்டையும் வாங்கவேண்டும். தொழிற்சாலையில் அப்படிச் செய்வது விரைவானது, மலிவானது என்பதை மறுப்பதற்கில்லை. புதிய வாகனங்கள் பாதுகாப்பிலும் எரிபொருள் சிக்கனத்திலும் பழையவற்றை வெகுவாக விஞ்சிவிட்டன என்பதும் உண்மையே. ஆயினும் உற்பத்தியாளர் மிச்சப்படுத்தும் அச்சிறு தொகையை, பத்து ஆண்டுகள் கழித்துப் பல மடங்காகச் செலுத்துபவர் வாங்கியவரே. கிளிப்புக்கு நேர்ந்த கதி இன்று மென்பொருளுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் 2012இலும் மீண்டும் 2020இலும் வாக்காளர்கள் வாகனத்தைத் திருத்தும் உரிமைக்காக வாக்களிக்க நேர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்ப்பதற்கு வாக்கெடுப்பு நடத்தவேண்டிய காலம் இது.

உரிமையைப் பேசும்போது கடமையையும் பேசவேண்டும். பிரித்தானியாவில் 1960இல் தொடங்கிய எம்.ஓ.ரி. என்னும் வாகனப் பரிசோதனையிலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 2018 மே மாதம் முதல் விலக்கு அளிக்கப்பட்டது. எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. இன்று அவற்றுள் மிக இளையதும் 40 வயதைக் கடந்துவிட்டது. ஓடும் வேகத்தில் தண்டின் முன்முனை கழன்று தெருவில் விழுந்தால் என்ன நேரும் என்பதை விளக்கவேண்டியதில்லை. சட்டத்தின் கண் விலகிய இடத்தில் சொந்தக்காரரின் கண் இருந்தாகவேண்டும். ஞாயிறு மாலையில் மினுக்கித் துடைத்து ஓட்டிவிட்டு, அடியில் ஒருமுறையேனும் பார்க்காதவர் அந்த விலக்குக்குத் தகுதியற்றவர் என்பேன். அவர் தாமாகவே ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வதே முறை.

இவை சீமை நாட்டுச் சமாச்சாரங்கள் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். எம்.ஜி.பி.யின் 1,798 கன சென்ரிமீற்றர் எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையின் சிறிய எஞ்சின்தான் ஒஸ்ரின் ஏ40 கேம்பிரிட்ஜில் இருந்தது. இந்தியாவின் அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடியதும் அவ்வரிசையின் 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சினே. யாழ்ப்பாணத்துத் தெருக்களையும் தமிழ்நாட்டு வாடகைக் கார் நிலையங்களையும் அறிந்தவர்களுக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கார் அந்நியம் அன்று. ஒரே குடும்பத்தில் பணக்கார வீட்டில் வளர்ந்த பிள்ளை, அவ்வளவே.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்தைப் போலத் துளித்துளியாக அளந்து பயன்படுத்தப்பட்டது. சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின ஏ40களும் மொறிஸ் மைனர்களும். நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அவை சுமந்தன. உதிரிப்பாகம் வராத ஊரில் அவற்றை ஓட வைத்தது நமது மெக்கானிக்குகளின் கெட்டித்தனம் என்று பெருமை கொள்கிறோம். அது உண்மை. கூடவே மற்றோர் உண்மையும் உண்டு. அவர்களின் கெட்டித்தனத்துக்கு அந்த வண்டிகள் இடம் கொடுத்தன. நசுக்கி அடைத்த இணைப்பும் பூட்டிய மென்பொருளும் கொண்ட வாகனங்களே அன்று நம்மிடம் இருந்திருந்தால், எத்தனை கெட்டிக்காரக் கைகளும் கட்டுண்டே கிடந்திருக்கும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும், திருத்தக்கூடிய வண்டியின் அருமையைத் தென்பகுதிக்கும் உணர்த்தின.

புதிய வாகனம் வாங்கச் செல்வோர் நிறத்தையும் ஆசனத்தின் தோலையும் பார்க்கிறார்கள். தேய்ந்த ஒரு சிறு பாகத்தைத் தனியாக மாற்ற முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்பவர்கள் எத்தனை பேர்? அக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்கினால் கிளிப்புகள் திரும்பி வரும். சந்தை கேள்விக்குப் பணியும், மௌனத்துக்குப் பணியாது.

நண்பரின் வண்டியில் இப்போது 'டங்' சத்தம் இல்லை. பழைய இணைப்பை அவர் எறியவில்லை. துருவேறிய அந்தச் சிலுவையைப் பதினாறு வயது மகளின் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னாராம். அடுத்த முறை வண்டியின் அடியில் தானும் வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.