மனை வாங்குமுன்

நெய்வேலி, வடலூர்ப் பக்கம் கல் நட்டுக் கொடி கட்டி மனை விற்பவர்களின் குறி, நம் போன்ற பென்ஷன்காரர்கள்தான். பத்திரம் பதிவானால் போதும் என்று நம்புகிறோம். சார்பதிவாளர் ஆவணத்தைத்தான் பதிகிறார். விற்பவரின் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. (பிரெஞ்சு முறையில் நொத்தேர் மூலப்பத்திரத்தைத் துருவிப் பார்த்த பிறகே கிரயம் எழுதுவார். அந்தப் பள்ளியில் படித்த எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.)

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைப் பதிவுக்குத் தடை விதித்தபோது, வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது; அதுவும் 20.10.2016 வரை பதிவானவற்றுக்கு, கட்டணத்தோடு.

நம் பக்கத்தில் என்.எல்.சி. நில எடுப்பு வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிரின் நடுவே வாய்க்கால் வெட்டினார்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிர்வாகம். சுரங்கத்தருகே மலிவாக மனை வந்தால், வில்லங்கச் சான்றோடு நிற்காமல் நில எடுப்புத் தாசில்தாரிடமும் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.