அந்தக் கால்கள் யாருக்குச் சொந்தம்?

‘விளையாட்டு விளையாட்டுக்காகவே, அதில் அரசியலைப் புகுத்தாதீர்கள்’ என்று உபதேசம் செய்வோர் பலர் உளர். ‘கலை கலைக்காகவே’ என்று ஒரு காலத்தில் முழங்கியவர்களின் உடன்பிறப்புக்கள் இவர்கள். பிறேசில் நாட்டு உதைபந்தாட்ட வீரர் பெலே 2022 டிசம்பர் 29ஆம் நாள் காலமானபோது இவர்கள் அவருடைய கோல்களை எண்ணினார்கள். வென்ற கிண்ணங்களை எண்ணினார்கள். அந்த மனிதரின் உழைப்பு யாருக்குச் சொந்தமாயிருந்தது என்ற வினாவை மட்டும் எழுப்பவில்லை. அவ்வினாவை நாம் எழுப்ப விரும்புகிறோம்.

பெலே 1940இல், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிறேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888இல். அவர் பிறப்பதற்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான். தந்தையும் உதைபந்தாட்டக்காரரே. முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரது தொழிலைக் கெடுத்தது. குடும்பம் வறுமையில் வாடியது. மகன் பௌரு நகரத் தெருக்களிற் சப்பாத்துத் துடைத்துக் காசு சம்பாதித்தான். பதினைந்து வயதில், 1956இல், சாந்தோஸ் கழகத்திற் சேர்ந்தான். 1958இல் சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அந்தப் பதினேழு வயது இளைஞன் ஆறு கோல்கள் போட்டான். அவற்றில் இரண்டு இறுதியாட்டத்திற் போடப்பட்டவை. அன்றிலிருந்து அவனுக்கு விலை பேசுதல் தொடங்கியது.

அக்காலத்திற் பிறேசிலில் ‘பாசே’ என்றொரு முறை நிலவியது. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், அவரைப் பதிவு செய்திருந்த கழகம் கேட்கும் தொகை கிடைத்தாலன்றி, அவர் வேறு கழகத்திற்கு ஆடப் போக முடியாது. ஆலைத் தொழிலாளி ஓராலையை விட்டு மற்றோராலைக்குப் போகலாம். மைதானத் தொழிலாளிக்கு அந்த உரிமையும் இல்லை. அவர் ஆடாமல் வீட்டில் இருக்கலாம். ஆடுவதாயின் கழகம் விட்ட வழியே செல்ல வேண்டும்.

இத்தாலியின் செல்வக் கழகங்கள் பெலேயை வாங்க முனைந்தன. 1961இல், ஜானியோ குவாட்ரோஸ் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், அவருக்குத் ‘தேசியச் செல்வம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. நாட்டை விட்டு வெளியே விற்கப்படக் கூடாதவர் என்று பறைசாற்றப்பட்டது. தேசாபிமானிகள் கைதட்டினார்கள். கோப்பியும் சீனியும் ஏற்றுமதிக்கு உரியவை. பெலே ஏற்றுமதிக்கு உரியவரல்லர். ஆனால் இரண்டும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவையே. தடுக்கப்பட்ட பண்டமும் பண்டந்தான்.

அத்துடன் கதை முடியவில்லை. விற்கப்படக் கூடாத அச்செல்வத்தைச் சாந்தோஸ் கழகம் ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அழைத்துச் சென்றது. பெலே ஆடினால் ஒரு தொகை. ஆடாவிட்டால் அதனிலும் குறைந்த தொகை. காயத்துடனும் களைப்புடனும் அவர் ஆட நேர்ந்தது. அவருக்கு நல்ல ஊதியம் கிடைத்ததை நாம் மறுக்கவில்லை. ஊதியம் பெரிதாயிருப்பதால் விலங்கு விலங்கல்லாமற் போகாது.

ஊதியமும் கிட்டாதவர்களின் நிலை என்ன? 1958, 1962 ஆகிய இரு உலகக் கிண்ண வெற்றிகளிலும் பெரும் பங்கு கொண்ட கரிஞ்சா நெசவாலைத் தொழிலாளியாயிருந்தவர். தொகை நிரப்பப்படாத ஒப்பந்தத் தாள்களிற் கையெழுத்திட்டுக் கொடுத்தவர். 1983இல் குடியினாற் சீரழிந்து வறுமையில் மாண்டார். அவரைத் தோளிற் சுமந்தவர்கள் அவர் விழுந்தபோது தோள் கொடுக்கவில்லை.

1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1970இல், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன், கம்யூனிஸ்டான பயிற்றுநர் ஜொவாவோ சல்தான்யா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மெக்சிக்கோவில் நடந்த இறுதியாட்டத்தில் பிறேசில் இத்தாலியை 4-1 என்று வென்றது. முதற் கோல் பெலேயுடையது. சித்திரவதைக் கூடங்கள் நிறைந்திருந்த நாட்டில் ஜெனரல் மெடிசி வீரர்களோடு நின்று படம் பிடித்துக் கொண்டார். பெலே துள்ளி எழும் படம் அரசாங்கச் சுவரொட்டிகளை அலங்கரித்தது. அந்த ஆட்சியிற் கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் 434 பேர் என்று 2014இல் உண்மை ஆணைக்குழு பதிவு செய்தது.

பெலே அன்று வாய் திறக்கவில்லை. 1967இல் வியட்னாம் போருக்குச் செல்ல மறுத்துத் தம் குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்த முகம்மது அலியுடன் அவரை ஒப்பிட்டுக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் துடைத்தெறிய மாட்டோம். பேச வேண்டிய வேளையில் மௌனம் காப்பது தவறே. ஆனால் இக்கண்டனத்தோடு நின்றுவிடுவோரும் புகழுரைஞரைப் போலவே பாதி உண்மையைத்தான் காண்கின்றனர். நாட்டின் சொத்து, கழகத்தின் சொத்து என்று பதினேழு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் தம் குரல் தமக்குரியது என்பதை எங்கே கற்றிருப்பார்?

கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். பொட்டாபொகோ கழகத்தின் அபொன்சின்யோ மருத்துவ மாணவர். தாடியையும் நீண்ட தலைமயிரையும் களையும்படி கழகம் கட்டளையிட்டது, அவர் மறுத்தார். அவரை ஆடவும் விடாமற் போகவும் விடாமல் வைத்திருந்தனர். அவர் வழக்காடினார், 1971இல் தம் ‘பாசே’யைத் தம் கைக்கே பெற்றார். உதைபந்தாட்டத்தில் தாம் அறிந்த ஒரே சுதந்திர மனிதர் அவரே என்று பெலே கூறியதாகச் சொல்வர். உலகம் மன்னரென்று கொண்டாடியவரின் வாயிலிருந்து வந்த இச்சொல்லை விடப் பெரிய சாட்சியம் வேறென்ன வேண்டும்?

1974இல் பெலே சாந்தோஸிலிருந்து விலகினார். வியாபார நட்டங்கள் அவரைக் கடனில் ஆழ்த்தியிருந்தன. தேசியச் செல்வத்தின் கடனைத் தேசம் ஏற்கவில்லை. 1975இல் வார்னர் நிறுவனத்திற்குச் சொந்தமான நியூயோர்க் கொஸ்மொஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. முப்பத்து நான்கு வயதில், ஓட்டம் தளரும் பருவத்தில், ஏற்றுமதித் தடை எங்கே போயிற்றென்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னர் 1995இல் அவர் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 1998 மார்ச்சில் அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் நிறைவேறியது. கழக நிர்வாகிகள் எதிர்த்தார்கள். ஆயினும் 2001இல் ‘பாசே’ ஒழிந்தது. ஆயிரம் கோல்களைக் காட்டிலும் இந்த ஒன்றை நாம் பெரிதாக மதிக்கிறோம். வாய்மூடியிருந்தவர் பிந்தியேனும் தம்மைப் போன்ற தொழிலாளரின் கட்டை அவிழ்த்தார்.

எனினும், சந்தை அவ்வாறே இருக்கும்போது சட்டம் ஒன்றினால் மட்டும் விடுதலை கிட்டிவிடாது. பெலே காலமான அதே மாதத்தில், பல்மெய்ராஸ் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரரான பதினாறு வயது என்ட்ரிக்கை ஸ்பெயினின் றியல் மட்றிட் வாங்குவதாக உடன்பாடு செய்யப்பட்டது. பதினெட்டு வயதுக்கு முன் வீரரை நாடு மாற்றுவதைச் சர்வதேச விதிகள் தடுப்பதால், 2024 ஜூலையில் வயது நிறைந்த பின்னரே அவர் அங்கு சென்றார். விதி காக்கப்பட்டது; பேரம் பிள்ளைப் பருவத்திலேயே முடிந்திருந்தது.

பிற நாடு சென்று உழைப்பது எந்தத் தொழிலாளிக்கும் உள்ள உரிமை. அதை நாம் எதிர்க்கவில்லை. செல்லாதே என்று தேசத்தின் பெயரால் தடுப்பதும், செல் என்று இலாபத்தின் பெயரால் விற்பதும் ஒரே கையின் இரு பக்கங்கள் என்கிறோம். ஒப்பந்தம் ஆட்டக்காரரின் கையில் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் அவருடைய தொழிற்சங்கம் நிற்க வேண்டும். காயமுற்றவருக்கும் புகழ் பெறாதவருக்கும் சோறு உறுதியாக வேண்டும். இதை அரசியல் என்று சொல்வோர் சொல்லட்டும். மைதானத்தில் அரசியலை முதலில் புகுத்தியவர்கள் ஆட்டக்காரரின் கால்களுக்கு விலை வைத்தவர்களே.