செட்டிநாட்டுக்கு வந்தா வீட்டை மட்டும் பாத்துட்டுப் போகாதீங்க



பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று சாமி கும்பிட வருகிற உழவர் குழுக்கள், கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதையும் பார்த்துவிட்டு, காரைக்குடியில் சாப்பிட்டு ஊர் திரும்புகிறார்கள். எங்கள் வலையபட்டிப் பக்கம் வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டைப் பாருங்க, வேண்டாங்கல. அந்த வீட்டுக்குப் பின்னால இருக்கிற நெல்லையும் தண்ணியையும் சேத்துப் பாருங்க.

முதலில் நெல். அந்தத் தேக்குத் தூண்கள் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தவை. தூண் வாங்கிய பணத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? ஐராவதி ஆற்றுப் படுகையில் காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய உழவர்களுக்கு நகரத்தார் கடன் கொடுத்தார்கள். விளைந்த அரிசி கப்பலேறி உலகமெங்கும் போனது. 1930-இல் அரிசி விலை விழுந்தது. ஒரே பயிரை, கடன் வாங்கி, ஏற்றுமதியை நம்பி விளைவித்தவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம், 1937-இல் சுமார் 25 விழுக்காடு ஆனது. உழவர் நிலத்தை இழந்தார். பிறகு போரிலும், பர்மா விடுதலைக்குப் பின் வந்த நிலச் சட்டத்திலும், கடன் கொடுத்தவர்களும் அந்த நிலத்தை இழந்தார்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கோயிலும் பள்ளியும் ஊருணியும் கட்டியவர்களும் அவர்களே. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி, விலையை அடுத்தவன் கையில் விடுகிற நமக்கு அந்தத் தூண்கள் ஒரு பாடம்.

அடுத்தது தண்ணீர். நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். விழுகிற மழையை அண்டாக்களில் பிடித்தார்கள். மிஞ்சியது கிணற்றுக்கும் தெரு வழியாக ஊருணிக்கும் போனது. 10,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர் தண்ணீர்! நிலையான ஆறு இல்லாத செம்மண் பூமியில், ஒரு பருவமழையை வைத்து ஆண்டு முழுக்கக் குடிக்க வழி செய்த ஊர்கள் இவை. சுற்றுலா வருகிறவர் முற்றத்தில் நின்று படம் எடுக்கிறார். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த ஊருணியை எத்தனை பேர் போய்ப் பார்க்கிறார்கள்? வரத்துக்கால் அடைத்துப்போய், கண்மாய்க்குள் சீமைக்கருவேல் நிற்பது யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுக்குப் பூச்சு பூசுகிறார்கள், வரத்துக்காலைத் தூர்வார ஆள் இல்லை.

மூன்றாவது, சாப்பாட்டு இலை. கவுனி அரிசி இல்லாமல் செட்டிநாட்டு விருந்து இல்லை. காரைக்குடியில் ஒரு ஓட்டலில், "கவுனி யாருகிட்ட வாங்குறீங்க?" என்று கேட்டேன். "மொத்தக் கடையிலதாங்க, எந்த ஊருன்னு தெரியாது" என்றார் பரிமாறியவர். கவுனி 140 நாளுக்கு மேல் வயலில் நிற்கும் நெல். உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாயும், மகசூலும் குறைவு. கண்மாய்த் தண்ணியை நம்பி இதை ரசாயனம் போடாமல் விளைவிக்கிறவர் மூட்டையை வியாபாரியிடம் போட்டுவிட்டு வருகிறார். 'செட்டிநாடு' என்ற பேருக்குக் கிடைக்கிற காசில் செட்டிநாட்டு மண்ணுக்குப் பங்கு எங்கே?

வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பாத் என்றொரு பழைய நகரம், 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பழைய கட்டடங்களைப் பார்க்க அங்கே கூட்டம் கூடுகிறது. அந்நாட்டின் முதல் உழவர் சந்தை 1997-இல் அங்கேதான் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் விளைவித்தவர் தாமே வந்து விற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நமக்கும் இது புதிதல்ல. 1999-இல் மதுரையில் நம் உழவர் சந்தை வந்துவிட்டது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாளைக்கு இறுதிப் பட்டியலில் ஏறினால் கூட்டம் இன்னும் கூடும். அதற்கு முன்பே நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். பாதுகாப்புத் திட்டம் எதுவானாலும் வீட்டோடு ஊருணி, கண்மாய், வரத்துக்காலும் அதில் சேரட்டும். சுற்றுலா வண்டி நிற்கிற இடத்தில் இயற்கை உழவர்களுக்கு வாரம் ஒரு நாள் கடை போட இடம் கொடுக்கட்டும். ஓட்டல்காரர்கள் கவுனி விளைந்த ஊர்ப் பேரை எழுதி வைக்கட்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் நாமே இன்று செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் குழு இங்கே வந்தால், மாளிகை பார்க்க ஒரு மணி நேரம், கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் என்று வையுங்க. ஒரு உழவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அஞ்சு கிலோ கவுனியும் ஒரு படி விதைநெல்லும் நேராக வாங்கிட்டுப் போங்க.