நாமக்கல் கவிஞர் இல்லம்: மாலையோடு முடிந்ததா கடமை?

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு, நாமக்கல் நகரில் அரசு நினைவு இல்லமாக உள்ளது. அக்டோபர் 19 அவர் பிறந்த நாள். ஆகஸ்ட் 24 மறைந்த நாள். இந்த இரு நாள்களில் மாலை மரியாதைக்குக் குறைவிருக்காது. ஆனால், மற்ற நாள்களில் அந்த வாசற்படி ஏறும் பள்ளி மாணவருக்கு அரசு எதைக் காட்டுகிறது? நினைவு இல்லம் என்றாலே சில புகைப்படங்கள், ஒரு வாழ்க்கைக் குறிப்புப் பலகை, ஒரு வருகைப் பதிவேடு என்று தமிழ்நாடு முழுவதும் பழகிவிட்ட அலட்சியத்தைக் கண்டிக்கிறோம்.

குறை அங்கே பணிபுரியும் ஊழியரிடம் இல்லை, ஏற்பாட்டிலேயே இருக்கிறது. நினைவு இல்லங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பில் உள்ளன. அரசின் செய்திகளைப் பரப்புவது அந்தத் துறையின் வேலை. சுவரில் ஏறும் ஈரத்தையும், பூச்சி அரிக்கும் காகிதத்தையும், மங்கும் வண்ணத்தையும் கவனிக்கத் தெரிந்தது அருங்காட்சியகங்கள் துறை. அதன் அரசு அருங்காட்சியகம் பக்கத்துச் சேலத்திலேயே இருக்கிறது. சமையல்காரரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பந்தல் போட வந்தவரிடம் கரண்டியைக் கொடுத்த கதை இது.

காட்டுவதற்கு என்ன இல்லை? மோகனூரில் 1888இல் ஒரு காவலரின் மகனாகப் பிறந்தவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பாரதமாதா முடிசூட்டுவதாக ஓவியம் தீட்டித் தங்கப் பதக்கம் பெற்றவர். அவரே 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகப் படைக்கு நடைப்பாட்டு எழுதினார். 1932இல் சிறை சென்றார். மன்னரை வரைந்த கை மன்னராட்சிக்கு எதிராக எழுதியது எப்படி? காலனி ஆட்சியில் ஒரு தலைமுறையின் மனம் மாறிய வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதைச் சொல்ல அவர் வாழ்ந்த வீட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நிதி இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முடிந்த அரசுக்கு, அவர் வீட்டைக் காப்பது பெருஞ்செலவல்ல. வழி தெரியவில்லை என்பதும் பொருந்தாது. புதுச்சேரியில் பாரதியார் குடியிருந்த வீடு மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் துணையோடு பழைய முறைப்படி சீரமைக்கப்பட்டிருக்கிறது. சட்டமும் இருக்கிறது: மரபுக் கட்டடங்களைக் காக்க 2012இல் இயற்றிய தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 2024 வரை எடுத்துக்கொண்டார்கள். இனியும் தாமதிக்கக் காரணமில்லை.

எனவே வலியுறுத்துகிறோம். இல்லத்தின் காட்சிப் பொறுப்பை அருங்காட்சியகங்கள் துறையிடம் ஒப்படைத்து, பயிற்சி பெற்ற காப்பாட்சியர் ஒருவரின் மேற்பார்வையில் வைக்க வேண்டும். கவிஞரின் ஓவியங்கள், கையெழுத்துப் படிகள், கடிதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். மூலம் எது, நகல் எது என்று பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்பு என்ற பெயரில் சிமென்ட்டும் டைல்ஸும் பழைய கட்டுமானத்தை விழுங்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் வரக்கூடிய ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் கதவு திறந்திருக்க வேண்டும். இராஜாஜி 1925இல் நிறுவிய திருச்செங்கோடு புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் மோகனூரையும் இணைத்து, மாணவர்களுக்கு ஒருநாள் கல்விப் பயணம் வகுக்க வேண்டும்.

வரும் அக்டோபர் 19க்குள் இதற்கான அரசாணை வெளியாக வேண்டும். அந்த ஆணை இல்லாமல் மாலையோடு மட்டும் வருபவர்களிடம், நாமக்கல் மக்கள் வாசலிலேயே காரணம் கேட்க வேண்டும்.